அத்தானுக்கு வேண்டிய முழு நூற்றறுபது

என் அக்கா புருஷனுக்கு முழுசு என்று பெயர் வைத்தவள் நான்தான். நேருக்கு நேர் அத்தான் என்பேன், முதுகுக்குப் பின்னால் முழுசு. பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டிப் பிளந்து வழித்தெடுக்கிற மனிதர். தியேட்டரில் படம் முடிந்து, விளக்குப் போட்டு, துடைப்பத்தோடு ஆள் வந்து நின்ற பிறகும், திரையில் ஓடுகிற பெயர்களைக் கடைசி வரை வாசித்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். காசு கொடுத்து வாங்கிய எதிலாவது துளி மிச்சமாகிவிட்டால், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதாக அவருக்கு நெஞ்சை அடைக்கும்.

குடிநீர் வாரியத்தில் மீட்டர்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. பேச்செல்லாம் பழைய கம்ப்யூட்டர்கள்தான். ஊரார் தூக்கிப்போட்டதையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து வரிசையாக அடுக்கியிருந்தார். அவற்றுக்கு இடம் வேண்டுமென்று அக்காவின் துணிமணிகள் அலமாரியை விட்டுக் கட்டிலுக்கு அடியில் குடியேறின. யாராவது வந்தால் தொலைந்தார்கள். ஒவ்வொரு பெட்டியின் தலையையும் தட்டி, "இதுக்கு ஐந்நூறு எம்பிக்கு மேல டிஸ்க் போட்டா கண்ணு தெரியாது. இது எட்டு ஜிபி வரைக்கும் தாங்கும். இது முப்பத்திரண்டோட நின்னுடும்" என்று அறிமுகம் செய்வார். தண்ணீர் குடிக்க எழுந்து போன விருந்தாளிகள் அப்படியே வாசல் வழியாகப் போய்விடுவது வழக்கம்.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். மனிதருக்கு விஷயம் தெரியும். அதுதான் வம்பே. ஒன்றும் தெரியாதவராக இருந்தால் அக்கா அவர் கையைத் தட்டிவிட்டிருப்பாள்.

அக்காவின் பிழைப்பு முன்னறையில் இருந்த எம்பிராய்டரி மெஷின். செகண்ட் ஹாண்டில் வாங்கியது. கூடவே ஒரு பழைய கம்ப்யூட்டரும் வந்தது. அந்த மெஷின் அந்த ஒரு கம்ப்யூட்டர் சொன்னால்தான் ஊசியை அசைக்கும், புதிதாக எதைக் கொண்டுவந்து இணைத்தாலும் கல்லாக நிற்கும். அக்கா வரைந்த பூ, இலை, பறவை எல்லாம் அதற்குள்தான் இருந்தன. வரைந்தாள் என்றால் சும்மா படம் போடுவதல்ல. ஓர் இலைக்குள் ஊசி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓட வேண்டும், எங்கே நெருக்கமாகக் குத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று ஒவ்வொரு தையலையும் அவளே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கென்று அந்த வீட்டில் சேர்ந்த சொத்து அதுதான். அவளைத் தேடி வந்தவர்கள் அந்தப் பூக்களைத் தேடித்தான் வந்தார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் ஒரு நாள் கரகரவென்று தொண்டை கனைக்க ஆரம்பித்தது. சாகப்போகிறது என்று அத்தான் சொன்னார், சரியாகத்தான் சொன்னார். கடைக்குப் போய் நூற்றறுபது ஜிபி டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தார். அக்காவின் டிசைன்கள் மொத்தத்தையும் சேர்த்தால் ஒரு ஜிபி தேறாது.

புது டிஸ்கை மாட்டியதும் பழைய கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்து, திரையில் ஒரே வரியோடு உறைந்துபோனது. அத்தான் நேராகக் கடைக்குப் போய், கெட்டுப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டதாகக் கத்திவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்தப் பெட்டி முப்பத்திரண்டோடு நிற்கிற ஜாதி என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று நீங்கள் கேட்கக் கூடாது.

வழி இல்லாமல் இல்லை. டிஸ்கின் பின்புறம் சின்னச் சின்ன ஊசிகள் வரிசையாக நிற்கும். அதில் ஜம்பர் என்று கடுகளவு துண்டு ஒன்று. அதை இடம் மாற்றிச் செருகினால், டிஸ்க் தன்னை முப்பத்திரண்டு ஜிபி என்றுதான் சொல்லிக்கொள்ளும், கம்ப்யூட்டரும் நம்பிவிடும். எப்படிச் செருகுவது என்று டிஸ்கின் மேலேயே படம் போட்டிருந்தது.

"அப்படியே செஞ்சிடுங்க. எனக்கு அதுவே ஜாஸ்தி" என்றாள் அக்கா.

"நூற்றறுபதுக்குக் காசு குடுத்துட்டு முப்பத்திரண்டா? மீதி நூற்றிருபத்தெட்டு யார் வீட்டுக்குப் போகும்?"

"யார் வீட்டுக்கும் போகாதுங்க. அது பாட்டுக்கு உள்ளேயே இருக்கும்."

"இருந்து? சும்மா இருக்கவா வாங்கினேன்?"

நான் நடுவில் வாயைத் திறந்தேன். "அத்தான், அவ டிசைனையெல்லாம் இன்னொரு இடத்துலயும் ஒரு காப்பி போட்டு வச்சிடலாமே?"

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். 

அடுத்த சில நாள் அவர் சாப்பிட்டதும் தூங்கியதும் கம்ப்யூட்டர் முன்னால்தான். பழைய பெட்டியை எழுப்பிவிடுகிற பயாஸ் என்கிற நிரலை, எங்கோ ஒரு தேசத்தில் இவரைப் போலவே வேலை வெட்டி இல்லாத ஒருவர் திருத்தி இணையத்தில் போட்டிருந்தாராம். அதை இறக்கி ஏற்றினார். ஏற்றும்போது மின்சாரம் போனால் பெட்டி பிணம் என்று சொல்லி, எங்களை மிக்ஸி போட விடவில்லை, விசிறி சுற்ற விடவில்லை. வேர்வையில் குளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பெட்டி எழுந்தது. திரையில் நூற்றறுபது என்று எண் வந்தது. அத்தான் கைதட்டினார். எண்ணுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

அன்றே அக்காவின் டிசைன்களைப் புது டிஸ்கில் முதல் ஆளாக ஏற்றினார். மெஷின் ஓடியது. அக்காவின் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, இந்த மனிதரைப் போய் கிண்டல் செய்கிறோமே என்று. அந்த வெட்கம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. பழைய டிஸ்க் இனி எதற்கு என்று திருகாணிகளைக் கழற்றி, உள்ளே பளபளத்த வட்டத் தட்டை எடுத்து, நடுவில் முள் வைத்துச் சுவர்க் கடிகாரம் செய்து மாட்டினார். நேரம் சரியாகக் காட்டாது, ஆனால் முகம் பார்க்கலாம்.

அத்தோடு விட்டாரா? நூற்றறுபது என்று எண் காட்டினால் போதுமா, நிரம்பினால்தானே அது தன்னுடையது? மற்றக் கம்ப்யூட்டர்களில் இருந்ததையெல்லாம் அக்காவின் டிஸ்கில் கொட்டத் தொடங்கினார். அலுவலகச் சுற்றுலா வீடியோ, பார்த்த படங்கள், பார்க்காத படங்கள், மேலதிகாரியின் பிரிவுபசாரக் கூட்டத்தில் தான் ஆற்றிய நீண்ட உரை. கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டது.

எல்லாவற்றையும் கொட்டி முடித்த மறுநாள் காலையில் அக்கா பொத்தானை அழுத்தினாள். எழும்பவில்லை. அத்தான் டிஸ்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டிப் பார்த்தார். அக்காவின் கோப்புகளில் ஒன்றே ஒன்று பாதி பிழைத்திருந்தது, ஒரு மீன்கொத்தி. மெஷினின் கம்ப்யூட்டரிலேயே வேறொரு சின்ன டிஸ்கை மாட்டி, மெஷினோடு வந்த சிடியிலிருந்து சாஃப்ட்வேரை ஏற்றி, அதைத் தைத்துப் பார்த்தார்கள். அலகு வந்தது, கழுத்து வந்தது, அதற்குப் பிறகு ஊசி பைத்தியம் பிடித்த மாதிரி ஒரே இடத்தில் குத்திக் குத்தித் துணியைக் கிழித்தது. மீன்கொத்தியின் வயிறு இருந்த இடத்தில் இப்போது அத்தானின் பிரிவுபசார உரை இருந்தது.

அரை நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தான் திடீரென்று துள்ளி எழுந்தார். முகமெல்லாம் பல்.

"கண்டுபிடிச்சுட்டேன்! பயாஸைத்தான் சரிபண்ணினேன். உள்ளே ஓடுற சாஃப்ட்வேரும் அந்தக் காலத்துதானே? அதுக்கு நூற்று முப்பத்தேழு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதைத் தாண்டி எழுதச் சொன்னா, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சு எழுதுது! நம்ம தண்ணி மீட்டர் மாதிரியேதான். ஒன்பதெல்லாம் முடிஞ்சா பூஜ்யத்துக்கு வந்து நிக்கும் பாரு, அதேதான்!"

"முதல்ல என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"முதல்ல... உன்னோடதுதான்" என்றார். பிறகும் சும்மா இருக்கவில்லை. "ஆனா எவ்வளவு அழகா இருக்கு பாரேன், இந்தக் கணக்கு!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடிகாரத்தைப் பிடுங்கி அவர் தலையில் போட்டிருப்பேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பூஜ்யத்துக்குத் திரும்புகிற மீட்டர்களைப் பார்ப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார். அக்கா கிழிந்த துணியைச் சட்டத்திலிருந்து மெல்லக் கழற்றி மடித்தாள்.

அடுத்த வாரம் லாண்டரிக் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, மெஷினையும் கம்ப்யூட்டரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அதே டிஸ்கைத்தான் எடுத்துப்போனாள். மேலே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து, புருவம் திருத்துகிற இடுக்கியால் ஜம்பரைத் தானே இடம் மாற்றிச் செருகி, சிடியிலிருந்து சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றினாள். பழைய வாடிக்கைக்காரர்களிடம் போய், தான் தைத்துக் கொடுத்த துணிகளை இரவல் வாங்கி வந்து, பூதக்கண்ணாடியில் தையல் தையலாகப் பார்த்து முதலிலிருந்து வரைய ஆரம்பித்தாள். சில துணிகள் கிடைக்கவே இல்லை. அந்தப் பூக்கள் போனது போனதுதான். ராத்திரிக்கு வீட்டுக்கு வருவாள், சமைப்பாள். மெஷினைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்க மாட்டாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அத்தான் ஒரு நாள் அந்த அறைக்கே வந்துவிட்டார். நானும் அங்கே நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். வந்தவரின் கண் அக்காவின் மேல் விழவில்லை, திரையில்தான் விழுந்தது. முப்பத்திரண்டு. அவர் விரல்கள் தாமாகவே அசைந்தன.

"அந்த சாஃப்ட்வேருக்கும் இப்போ ஒரு திருத்தம் கிடைச்சிருக்கு" என்றார் கெஞ்சலாக. "ஒரே ஒரு நாள் குடு. உள்ளே நூற்றிருபத்தெட்டு சும்மா கிடக்குது. எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது."

அக்கா பூதக்கண்ணாடியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"கிடக்கட்டும்ங்க. நீங்க நிரப்பாத இடம்னு எனக்கு ஒண்ணாவது இருக்கட்டும்."

அத்தான் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லி அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.