மணல் மூட்டை இல்லாமல்

டிக்கியைத் திறந்ததும் முதலில் மண்வெட்டி பறக்கும். அடுத்து ஜாக்கி, இழுவைச் சங்கிலி, கடைசியாக மணல் மூட்டை. சோதனைக்கு வரும் எந்தக் காரையும் நினெல் சாவிச்னா காலி செய்யாமல் விடுவதில்லை.

"ஏம்மா சாவிச்னா, அது என் மாமியாருக்குக் கொண்டுபோற உருளைக்கிழங்கு!" மெக்கானிக் கூஸ்மா அலறுவார்.

"முதுகுல சுமந்துட்டுப் போங்க மாமா. மாமியாருக்குப் பாசம் புரியும்."

நினெலுக்குக் குள்ளமான உருவம். காலில் அப்பாவின் கம்பளி பூட்ஸ், நுனியில் செய்தித்தாள் திணித்தது. எடைக் கணக்குப் பிரிவில் பொறியாளர். பேசும்போது பென்சிலால் மேசையைக் குத்துவாள். முனை உடைந்தால் சீவமாட்டாள். பக்கத்து மேசையிலிருந்து இன்னொன்றை எடுத்துக்கொள்வாள்.

இப்போது சோதனையில் இருப்பது, குடும்பங்களுக்கென்று இந்தத் தொழிற்சாலை உருவாக்கும் முதல் முன்சக்கர இயக்கக் கார். அதற்கென்று குட்டையான புது எஞ்சின் ஒன்றை வரைந்திருந்தார்கள். அது வீண் செலவு என்றது மேலிடம். பழைய எஞ்சினையே திணித்தார்கள். நீளம், கனம், முன் அச்சைத் தாண்டி மூக்கில் தொங்குகிறது. உறைந்த சாலையில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், கார் திரும்பாது.

இது யார் கண்ணிலும் படாமல் போனதற்குக் காரணம் மணல். பழைய கார்களைத் தள்ளுவது பின்சக்கரம். குளிர்காலத்தில் அது வழுக்காமலிருக்க டிக்கியில் மணல் மூட்டை போடுவது இங்கே எல்லோருக்கும் கைப்பழக்கம். இயக்கம் முன்னால் போன பிறகும் கை மாறவில்லை. சோதனை ஓட்டுநர்கள் யோசிக்காமல் மூட்டையைத் தூக்கிப் போட்டார்கள். பின்பாரம் மூக்கின் குற்றத்தை மறைத்தது. ஒவ்வொரு சோதனையிலும் கார் தேறியது.

அவள் அப்பா சாவா தலைமைச் சோதனை ஓட்டுநர். போன மார்ச்சில் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு ஏரிக்கரைத் தடத்தில் ஓட்டினார். "வண்டி வாங்குறவன் மணலுமா வாங்குவான்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார். வளைவில் கார் நேரே போனது. கான்கிரீட் தூண்.

விசாரணையின் முடிவு: குளிர்காலப் பாரம் ஏற்றாதது ஓட்டுநரின் தவறு.

"நல்லவேளை, செத்ததுக்கு அபராதம் போடல" என்பாள் நினெல். கேட்டவர் சிரித்தால் தொலைந்தார்.

தலைமை வடிவமைப்பாளர் கெர்மன் பாவ்லோவிச் குரலே உயர்த்தாத மனிதர். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீங்க துக்கத்துல பேசறீங்க நினெல். எனக்குப் புரியுது."

"மூக்கு கனம்னு எடைமேடையும்தான் சொல்லுது. அதுக்கும் அப்பா செத்துட்டாரா?"

"மாஸ்கோ கமிஷன் முதல்ல வண்டியைப் பார்த்து ஒத்துக்கட்டும். அடுத்த வருஷம் மூக்கைச் சரி பண்ணிக்கலாம்."

"இந்த வருஷம் வாங்குறவங்க?"

அவர் கண்ணாடியைத் துடைப்பார்.

கமிஷன் மாஸ்கோவிலிருந்து பிப்ரவரியில் வந்தது. அவர்கள் தலையசைத்தால் உற்பத்தி தொடங்கிவிடும். ஏரிக்கரையில், எல்லோர் முன்னாலும், நினெல் டிக்கியைக் காலி செய்தாள். கெர்மன் பாவ்லோவிச் தடுக்கவே இல்லை. "தாராளமா" என்றார். பிறகு பின்கதவைத் திறந்து, கமிஷன் தலைவரையும் இன்னும் இருவரையும் உபசாரமாக உட்காரவைத்தார். மூவரும் கனத்த ஓவர்கோட்டு, வயிறு நிறைய மதிய விருந்து. ஸ்டியரிங்கில் கூஸ்மா.

நினெலுக்கு அது புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு காரை நோக்கி நடந்தாள்.

"மணலுக்குக் கோட்டு மாட்டி உட்கார வச்சிருக்கீங்க, கெர்மன் பாவ்லோவிச்."

கூஸ்மா இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூவரிலும் பருத்தவரான தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னய்யா இது, இந்தப் பொண்ணு என்னை மூட்டைங்குது!"

"இருக்கறதுலயே பெரிய மூட்டை நீங்கதான். இறங்குங்க. எங்கப்பா ஓட்டின மாதிரி ஓட்டிக் காட்டறேன்."

சிரிப்பு நின்றது. தலைவர் அவளைப் பார்த்தார், தூரத்திலிருந்த தூணைப் பார்த்தார், இறங்கினார். மற்ற இருவரும் பின்னாலேயே இறங்கினார்கள். யாரும் சொல்லாமலே கூஸ்மாவும் இடத்தைக் காலி செய்தார்.

நினெல் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தாள். "நீங்க என் பக்கத்துல ஏறுங்க, கெர்மன் பாவ்லோவிச். முன்னால ரெண்டு பேர், பின்னால காலி. புருஷனும் பொண்டாட்டியும் கடைக்குப் போற கணக்கு."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தொப்பியிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் கெர்மன் பாவ்லோவிச் ஏறினார்.

"பெல்ட்டு."

"நம்ம ஊர்ல யாரும்மா அதெல்லாம்..."

அவள் குறுக்கே சாய்ந்து, பெல்ட்டை உருவி, அவர் கோட்டின் மேல் போட்டு மாட்டினாள். நுனியைப் பிடித்து இறுக்கினாள். அவருக்கு மூச்சு முட்டும்வரை, இன்னும் ஒருமுறை.