அடுப்புக்கு ஒரு கூறு

கிடா உரிக்கிற இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இருந்தேன். மூத்த மகன் இருந்தான், ஊரோடு இருந்து காடுகரை பார்க்கிறவன். நடு மகன், மதுரையில் மில் வேலை, முந்தின நாள் சாயங்காலம் பெண்டாட்டி பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கியவன். இளையவன், பேரையூரில் சைக்கிள் கடை, தினம் போய் வருகிறவன். என் தம்பி, கத்தி அவன் கையில். என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை, எனக்கு அக்கா மகன்தான், வாய் ஓயாதவன். வேப்பமரத்தடியில் பெரிய ஆட்கள் இவ்வளவுதான். பிள்ளைகள், மூத்தவனுக்கு நாலு, நடுவுள்ளவனுக்கு மூணு, இளையவனுக்கு ரெண்டு, மகளுக்கு மூணு. தம்பியின் பேரப்பிள்ளைகள் ரெண்டு. யாருடையது என்று தெரியாத ஒரு நாய்.

என் வீட்டுக்காரி இல்லை. அவள் போய் ஒண்ணரை வருசம் ஆகியிருந்தது. சாவு விழுந்தால் ஒரு வருசத்துக்குப் பண்டிகை கும்பிட மாட்டோம். அதனால் முந்தின தீபாவளிக்குக் கிடா இல்லை. அவள் இல்லாமல் வெட்டின முதல் கிடா இது.

எங்கள் வழக்கம் இப்படி. தீபாவளிக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு கிடா. எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை கூறு. வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் ஒரு கூறு, ரெண்டு பேர் இருந்தாலும் ஒரு கூறு. பனையோலைப் பாயை விரித்துக் கறியைக் கூறு வைப்போம். தொடைக்கறி கொஞ்சம், நெஞ்செலும்பு கொஞ்சம், ஈரல் ஒரு துண்டு, குடல் ஒரு பிடி. எல்லாக் கூறிலும் எல்லாம் இருக்க வேண்டும். வைத்து முடித்ததும் ஒரு சின்னப் பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொல்வோம். ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்போம். பிள்ளை பார்க்காமல் சொல்லும். அது சொன்னது சொன்னதுதான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

கூறு வைக்கிறது நான். என் அப்பனுக்குப் பிறகு நான்தான்.

அஞ்சு வைத்தேன். ஆறாவதுக்குக் கை போனது. மூத்தவன் கேட்டான்.

"இது யாருக்குய்யா?"

"எனக்கு."

"நீங்க எங்க வீட்டுலதான சாப்பிடுறீக. ஒத்தைத் தொண்டைக்கு ஒரு கூறா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் போன பிறகு ஒரு மாசம் மூத்தவன் வீடு, ஒரு மாசம் இளையவன் வீடு என்று சாப்பிட்டேன். தட்டு நிறையத்தான் போட்டார்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் வீட்டு அடுப்பு எரியவில்லை. எரியாத அடுப்புக்குக் கூறு இல்லை. வழக்கப்படி அவன் பக்கம்தான் நியாயம்.

எனக்குக் கறி பெரிசில்லை. பல் பாதி போய்விட்டது. விசயம் வேறு.

அவள் இருந்தபோது பிள்ளைகள் எல்லாம் அதது வீட்டில் தின்றுவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அவள் குழம்பு வைத்த சட்டியில் சோற்றைப் போட்டு, சுற்றி வழித்துப் பிசைந்து, ஆளுக்கு ஒரு உருண்டை உள்ளங்கையில் வைப்பாள். வீட்டில் தின்ற கறிச்சோறு ஒரு பக்கம், இந்த ஒரு உருண்டை ஒரு பக்கம். நான் நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு வேலை இல்லை எனக்கு. ஒன்று மடியில் ஏறும். ஒன்று முதுகில் ஏறும். அந்த நேரத்தில் ராசா வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்.

அடுப்பு அணைந்த பிறகு ஒரு பிள்ளை வரவில்லை. அதுகளைச் சொல்லிக் குத்தமில்லை. அடுப்பு எரியாத வீட்டுக்கு எதுக்கு வரும்? மகன் வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் அங்கே நானும் ஒரு பிள்ளை. அவ்வளவுதான்.

இதையெல்லாம் வேப்பமரத்தடியில் சொல்லவில்லை. "ஆறு கூறு" என்றேன்.

"யாருய்யா காச்சுறது?"

"நான்."

தம்பி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். மாப்பிள்ளை விடுவானா?

"மாமா, நீங்க வெந்நி போட்டாலே அடிப்பிடிக்குமே!"

"நீ திங்க வராத மாப்ள."

"வருவேனா? எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு மாமா."

மூத்தவன் சிரிக்கவில்லை. அவன் என்னை மாதிரி.

"சரிய்யா, இந்த வருசம் வச்சிக்கங்க. ஆனா அடுப்பு எரியணும். நீங்களே காச்சணும். பொம்பளைக ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. முடியலேன்னா அடுத்த தீவாளியில இருந்து அஞ்சு கூறுதான். சித்தப்பா, நீங்கதான் சாட்சி."

"நாயமாத்தான் சொல்றான் அண்ணே" என்றான் தம்பி.

"சரி" என்றேன்.

இளையவன் மகளைத் திரும்பி நிற்க வைத்தோம். ஆறு வயசு. ரெண்டாவது கூறைத் தொட்டதும் "சீயானுக்கு" என்றாள். பேரப்பிள்ளைகள் என்னைச் சீயான் என்றுதான் கூப்பிடும். அந்தக் கூறில் நல்லி எலும்பு ரெண்டு இருந்தது. கொடுத்துவைத்தவன்தான் நான்.

கறியைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் கோழி அடை படுத்திருந்தது.

அவள் குழைத்துப் போட்ட மண் அடுப்பு. ஒண்ணரை வருசம் சும்மா கிடந்ததில் கோழி தன் இடம் என்று முடிவு பண்ணிவிட்டது. தூக்கப் போனால் கொத்தியது. முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கூடையில் வைக்கோல் போட்டு வைத்தேன். பிறகு கோழியைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் என்னை முறைத்துப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அடுப்பில் ரெண்டு விரிசல். சாணியும் மண்ணும் குழைத்து அப்பினேன்.

நடு மருமகள் வாசலில் வந்து நின்றாள். பட்டணத்தில் இருக்கிற பிள்ளை, இரக்கம் உள்ளவள்.

"மாமா, மண்ணெண்ணெ ஸ்டவ் கொண்டாந்திருக்கேன். பம்ப் அடிச்சா அஞ்சு நிமிசத்துல பத்திக்கிரும். தரட்டா?"

"அது உன் அடுப்பும்மா" என்றேன். போய்விட்டாள்.

விறகு வைத்துப் பற்ற வைத்தேன். ஈர மண், ஒரே புகை. அது பிடிக்கிறதுக்குள் அம்மியில் உட்கார்ந்தேன். மிளகாய் வத்தல், மல்லி, சீரகம், சோம்பு, தேங்காய். என்னென்ன போடுவாள் என்று தெரியும். நாற்பது வருசம் தின்றிருக்கிறேன். எதை எப்போது போடுவாள் என்று தெரியாது. தின்கிறவனுக்கு அது எதுக்கு?

எனக்கும் இளையவன் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர். அந்தப் பக்கம் இளைய மருமகள் இட்லிச்சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். கை வைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். மாமனாருக்குப் புத்தி சொல்லுகிற வழக்கமும் இல்லை. திடீரென்று மகளைத் திட்ட ஆரம்பித்தாள்.

"ஏண்டி, மல்லிய வறுக்காம அரைச்சா பச்ச வாட அடிக்கும்னு ஒனக்கு எத்தன தடவ சொல்றது?"

அவள் மகள் அப்போது தெருக்கோடியில் கல்லை வைத்துப் பொட்டு வெடி அடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மியில் இருந்ததை வழித்து எடுத்துச் சட்டியில் போட்டு வறுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

"ஏண்டி, வெங்காயம் செவக்கவே இல்ல, அதுக்குள்ள கறியத் தூக்கிட்ட?"

கறியைக் கீழே வைத்தேன். வெங்காயம் சிவக்கட்டும்.

இப்படியே அந்தப் பிள்ளை இல்லாத இடத்தில் அம்புட்டு ஏச்சு வாங்கியது. எனக்குக் குழம்பு நன்றாகவே கூடி வந்தது. வாசம் வந்துவிட்டது. உப்புப் போட்டேன்.

அங்கேதான் கெட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது தொட்டியில் தினமும் ஒரு கை உப்பு அள்ளிப் போடுகிற கை இது. அதுக்கு வேறு அளவு பழக்கமில்லை. ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டேன். கல் உப்பு. கரைந்த பிறகு ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். எழுந்து கொல்லைக்குப் போய்த் துப்பினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பார்த்துவிட்டாள்.

நான் வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். அஞ்சு கூறு என்று மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே நல்லா இல்லை.

அப்போது கேட்டது.

"ஏண்டி, உப்புக் கூடிப்போச்சுன்னா உக்காந்தா இருப்பாக? தண்ணிய ஊத்தி, காய வெட்டிப் போட வேண்டியதுதான! கொல்லையில கத்தரிக்கா இல்ல? மரத்துல முருங்கைக்கா இல்ல?"

கத்தரிக்காய் பறித்து வெட்டிப் போட்டேன். தண்ணீர் ஊற்றினேன். உப்பு. முருங்கைக்காய் போட்டேன். தண்ணீர் ஊற்றினேன். உப்பு. மண்சட்டி விளிம்பு தட்டிவிட்டது. மகள் கலியாணத்துக்கு வாங்கின பித்தளை அண்டாவைப் பரணில் இருந்து இறக்கினேன். கழுவிக் குழம்பை அதில் கொட்டினேன். மறுபடி மிளகாய் மல்லி அரைத்தேன். மறுபடி தேங்காய். மறுபடி கத்தரிக்காய். செடியில் பூதான் மிச்சம். அண்டா முக்கால் அளவுக்கு வந்தபோது நாக்குத் தாங்கியது.

இம்புட்டுக் குழம்புக்குச் சோறு வேண்டுமே. அரிசி மூணு படி போட்டேன். ஒத்தைத் தொண்டைக்கு மூணு படி.

உச்சி நேரம் ஆகிவிட்டது. கண்ணெல்லாம் புகை. நிமிர்ந்து பார்த்தால் இளையவன் மகள் நிலைப்படியில் நிற்கிறாள்.

"சீயான், ஒங்க கூரையில பொக வருது. தீப்பிடிச்சிருச்சா?"

"இல்லத்தா. கறி வேகுது."

அண்டாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தெருவுக்கு ஓடினாள். அவள் கத்தினது வேப்பமரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"சீயான் வீட்டுல அடுப்பு எரியுது! அடுப்பு எரியுது!"

வந்தார்கள். மூத்தவன் பிள்ளைகள் முதலில். மகள் பிள்ளைகள் வெடி வாசத்தோடு. தம்பி பேரப்பிள்ளைகள் ரெண்டும் கூச்சத்தோடு வாசலில். மதுரைப் பிள்ளைகள் மூணும் புதுச்சட்டையில் கறை படக் கூடாது என்று ஓரமாக. தட்டு தேடவில்லை. சோற்றை அண்டாவில் கொட்டிப் பிசைந்தேன். அவள் வைக்கிற உருண்டை எலுமிச்சங்காய் அளவு இருக்கும். என்னது தேங்காய் அளவுக்கு வந்தது. ரெண்டு கையால் வாங்கித் தின்றார்கள்.

மதுரைப் பிள்ளைகளில் நடுவுள்ளது காரம் தாங்காமல் கண்ணீர் விட்டது. அழுதுகொண்டே மறுபடி கையை நீட்டியது. சட்டையும் போயிற்று.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தான்.

"பிள்ளைகளத் தேடி வந்தேன் மாமா."

"இந்தா இருக்கு."

"அப்படியே எனக்கும் ஒண்ணு."

"ஒனக்குப் பிள்ளகுட்டி இருக்குல்ல மாப்ள?"

"அதான் எல்லாம் இங்கன இருக்கே. போனா சேந்தே போவோம்."

மூணு உருண்டை தின்றான். போகவில்லை.

கடைசியாக மூத்தவன் வந்தான். குனிந்து உள்ளே நுழைந்தவன் முதலில் அடுப்பைத்தான் பார்த்தான். கங்கு நல்ல சிவப்பாகக் கிடந்தது. கூடையில் கோழியைப் பார்த்தான். அண்டாவைப் பார்த்தான். அவன் கடைக்குட்டி என் மடியில், மூக்கு நுனியில் குழம்போடு. இன்னொன்று என் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றது. என் முன்னால் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினான். சின்னப் பையனாக இருக்கும்போது அவன் ஆத்தாளிடம் நீட்டுகிற மாதிரி. அண்டாவைச் சுற்றி வழித்து வைத்தேன்.

மென்று முழுங்கினான். யோசித்தான்.

"உப்புக் கம்மியா இருக்குய்யா."

சுவருக்கு அந்தப் பக்கம் இளைய மருமகளுக்குப் புரையேறியது.

அதிலிருந்து அடுப்பு அணையவில்லை. காலையில் கஞ்சி நானே காய்ச்சிக்கொள்கிறேன். ராத்திரிக்கு மகன்கள் வீடு. ஞாயித்துக்கிழமை குழம்பு வைப்பேன், பிள்ளைகள் வந்துவிடும். உப்பை மட்டும் இளையவன் மகள் போடுவாள். கை சின்னது. இந்த ஊரில் என் வயசு ஆட்கள் மூத்தவன் வீட்டுச் சோறு, இளையவன் வீட்டுச் சோறு என்று சொல்வார்கள். எங்க வீட்டுச் சோறு என்று நான் சொல்வேன்.

அடுத்த தீபாவளிக்குப் பாயை மூத்தவன் விரித்தான். அஞ்சு கூறு வைத்து நிறுத்தினேன். அவன் கேட்டான்.

"என்னய்யா கை நின்னுபோச்சு? ஒங்க கூற யாரு வைக்கிறது?"

வைத்தேன்.

ஒத்தைத் தொண்டை என்று அவன் சொன்னதை நான் மறக்கவில்லை. முந்தின தீபாவளி அன்றைக்கே அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் கூறைத் தின்ற தொண்டைகளை விரல் விட்டு எண்ணினேன். பேரப்பிள்ளைகள், தம்பி வீட்டுப் பிள்ளைகள், மாப்பிள்ளை, மூத்தவன், நான்.

பதினேழு.