தார்ச்சாலையில் கதிரடித்தவள்

முதலில் வந்தது இருமல்தான். பிறகு சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாப்பழம் சுமந்து போகையில் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். நம்பாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வளப்பூர் நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) எங்கள் வீடு சாலையோரம் இருக்கிறது. தார் போட்டதிலிருந்து யாரும் களத்தைத் தேடுவதில்லை. கேழ்வரகுக் கதிரைச் சாலையில் பரப்பிவிட்டால் பஸ்ஸும் லாரியும் சுற்றுலாக் கார்களும் ஏறி மிதித்து மணியை உதிர்த்துவிடும். மாடும் வேண்டாம், ஆளும் வேண்டாம். வண்டி போனதும் ஓடிப்போய்க் கூட்டி அள்ளிப் புடைப்பது என் வேலை. புழுதி அடங்கட்டும் என்று நின்றால் அடுத்த வண்டி வந்துவிடும். எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

நாமக்கல்லில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஊட்ல விறகடுப்புங்களா?"

"இல்லீங்க, கேஸுதானுங்க."

"அப்பறம் இத்தனை தூசி எங்கிருந்துங்க?"

சொன்னேன். அவர் படத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"கூளத்தூசி, டயர்த்தூசி, டீசல் புகை. மூணையும் குனிஞ்சு குனிஞ்சு உள்ள இழுத்திருக்கீங்க."

வந்திருப்பது நுரையீரல் நார்மை (நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது). தழும்பு ஆறாது, மாத்திரை அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சாலையை விட்டுத் தள்ளிப் போய்விடச் சொன்னார்.

என் கணவர் மேட்டுக்காட்டில் மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார். அங்கே ஹாரன் சத்தம்கூடக் கேட்காது. கஞ்சி ருசித்தது, தூக்கம் வந்தது. பிழைத்துக்கொண்டேன் என்றே நம்பினேன்.

மழைக்காலத்தில் உதடு நீலம் பாரித்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது, இனி எந்நேரமும் சிலிண்டர் வேண்டும் என்றார்கள். சிலிண்டர் வேனில்தான் வரும். மேட்டுக்காட்டுக்கு வேன் ஏறாது.

"நான் தூக்கிட்டு வாரேன். நீ இங்கயே இரு," என்றார் கணவர். முதல் தடவையே வழுக்கி விழுந்து தோளெலும்பை முறித்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் சாலையோர வீட்டுக்கே திரும்பினேன். எதிர்வீட்டுக்காரி இன்னும் தாரில் கதிர் பரப்புகிறாள். நான் இருமுவதைப் பார்த்துக்கொண்டேதான் புடைக்கிறாள். சிலிண்டர் வேன் வந்து என் ஜன்னலுக்கு நேராக உறுமிக்கொண்டு நிற்கும்.

"வண்டிய நிறுத்திப்போடு சாமி," என்று டிரைவரிடம் கெஞ்சினேன்.

"நிறுத்துனா மறுபடி ஸ்டார்ட் ஆகாதுங்கம்மா."

புகை கட்டில் வரை வருகிறது. ஆத்திரம் பொங்குகிறது, கத்துவதற்கு மூச்சில்லை.

காலை, மாலை என்பதெல்லாம் எனக்கு இப்போது இல்லை. சிலிண்டர் நிறைந்திருக்கும் பொழுது, தீரும் பொழுது, இரண்டுதான். நெஞ்சு என்னுடையது போலவே இல்லை, யாரோ இறக்கி வைத்துவிட்டுப் போன மூட்டையாகக் கனக்கிறது. விடுமுறை நாட்களில் சுற்றுலாக் கார்கள் கொண்டை ஊசி வளைவுகளை அடைத்துக்கொள்ள, வேன் நேரத்துக்கு வருவதில்லை. அப்போதெல்லாம் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறேன். அந்த டீசல் நாற்றம் உள்ளே வந்த பிறகுதான் எனக்கு உயிர் வருகிறது.