பதில் சொல்லாத குழாய்

"அந்த சர்வர் லாயக்கில்லைன்னு என் வாயால சொல்ல மாட்டேன் சார். வேணும்னா நீங்க சொல்லிக்கங்க."

எங்கள் பொறியியல் கல்லூரியின் கூட்ட அறையில், தாளாளர் முகத்துக்கு நேரே ஸ்வர்ணா இப்படிச் சொன்னது 2002ஆம் ஆண்டு. பக்கத்து நாற்காலியில் இருந்த நான் மேசைக்கு அடியில் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

அவள் கணினி ஆய்வகத்தின் பொறுப்பாளர். நான் இயற்பியல் விரிவுரையாளர். இருவரும் மாட்டுத்தாவணியில் ஒரே கல்லூரிப் பேருந்தில் ஏறுகிறவர்கள், அப்படித்தான் சிநேகிதிகளானோம். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அவள் வீடு. வீட்டில் சௌராஷ்டிரம், வெளியில் மதுரைத் தமிழ். இரண்டிலும் சண்டை போடுவாள்.

ஆய்வகத்தின் சர்வரை அவள்தான் லினக்ஸில் நிறுவியிருந்தாள். மாணவர்களின் கோப்புகள் எல்லாம் அதில் இருந்தன. பிரிண்டர்களும் அதன் வழியாகத்தான் ஓடின. வெளிநாடுகளில் பலர் சேர்ந்து எழுதி, மூல நிரலோடு பொதுவில் வைத்திருந்த ஒரு மென்பொருள் இந்த வேலையைப் பார்த்தது. இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. அந்த ஆண்டு புது விண்டோஸோடு புதுக் கணினிகள் வந்து இறங்கின. அதிலிருந்து தொல்லை. புதுக் கணினியில் கோப்பு திறக்கும், சேமிக்கும். பிரிண்ட் என்று அழுத்தினால் திரை அப்படியே உறைந்துவிடும்.

தாளாளரின் மச்சினருக்குக் கணினி விற்கும் ஏஜென்சி இருந்தது. பழைய சர்வர் உதவாது என்று ஆய்வகப் பொறுப்பாளரே நிர்வாகக் குழுவில் சொல்லிவிட்டால், அவரிடம் புதிது வாங்க வழி திறந்துவிடும். அதற்குத்தான் அந்தக் கூட்டம். ஸ்வர்ணா சொல்லவில்லை.

"பிராக்டிகல் எக்ஸாம் வரைக்கும் டைம் தாரேன்" என்றார் தாளாளர். "அதுக்குள்ள பிரிண்ட் வரலைன்னா நீ சொல்றதை யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

"வரும் சார்."

கூட்டம் முடிந்து கேன்டீனில் உட்கார்ந்தபோது, "எந்த தைரியத்துல வரும்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"தைரியமெல்லாம் இல்ல. கோவம்" என்றாள். பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினாள். "நேம்டு பைப்புன்னு ஒண்ணு இருக்கு. பேரு வச்ச குழாய்னு வச்சுக்கோ. பிரிண்டரைப் பத்திக் கேக்க ஒரு குழாய், யாரு யாரு உள்ள வரலாம்னு கேக்க இன்னொரு குழாய். ஃபைலைத் திறக்குற மாதிரியேதான் கம்ப்யூட்டர் அதைத் திறக்கும். ஆனா உள்ள ஃபைல் இருக்காது. இங்கிட்டு இருந்து கேள்வியை எழுதினா, அங்கிட்டு சர்வர்ல ஒரு புரோகிராம் அதைப் படிச்சுப் பதிலைக் குடுக்கும். அந்தப் பதில் வராமத்தான் புது மிஷினெல்லாம் முழிச்சுக்கிட்டு நிக்குது."

"ஏன் வரலை?"

"அது தெரிஞ்சா உன்கூட உக்காந்து வடை தின்னுட்டு இருப்பேனா?"

புதுக் கணினிகள் சர்வருக்குத் தெரியாத ஏதோ புதுக் கேள்வியைக் கேட்கின்றன என்பது அவளது முதல் ஊகம். எது கேட்டாலும் 'சரி' என்று பதில் போகும்படி மூல நிரலில் ஒரு துண்டைச் சேர்த்தாள். பொறுமை இல்லாதவள், மூன்றாம் ஆண்டு வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதை ஏற்றிவிட்டாள். சர்வர் மொத்தமாகப் படுத்தது. சேமிக்காமல் வைத்திருந்த மாணவர்களின் வேலை எல்லாம் போயிற்று. ஒரு பெண் அழுதேவிட்டாள்.

துறைத் தலைவர் கிரிதரன் ஓடி வந்தார். அவரும் சௌராஷ்டிரக்காரர், அவள் அப்பாவுக்குத் தெரிந்தவர். அவளைத் தனியாக அழைத்துப் போய் வீட்டு மொழியில் மெதுவாகப் பேசினார். இவள் மட்டும் தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள்.

"தப்பு என்னோடதுதான் சார். பிள்ளைங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். ஆனா நான் பண்ணின தப்புக்கு சர்வரைக் கெட்டதுன்னு சொல்ல முடியாது."

"உனக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பிடிவாதம்? அவங்க காலேஜ், அவங்க என்னமும் வாங்கிட்டுப் போறாங்க."

"வாங்கட்டும் சார். என்னைப் பொய் சொல்லச் சொல்லாம வாங்கட்டும்."

அதன்பின் அவள் ஊகத்தை விட்டாள். கம்பியில் போகிற வருகிற ஒவ்வொன்றையும் பிடித்துக் காட்டும் ஒரு நிரலை ஓட்டினாள். மின்சாரப் பணியாளர் ஜெயபாண்டி, சோழவந்தான் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், ஒரு பழைய கணினியையும் ஒரு புதுக் கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்துக் கொடுத்தார். இரண்டிலும் மாறி மாறி பிரிண்ட் கொடுப்பது அவர் வேலை. திரையில் ஓடும் எண்களைப் படிப்பது இவள் வேலை. ஊழியர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் இவர்கள் இதைச் செய்துகொண்டிருப்பார்கள். பல மதியங்கள் இப்படிப் போயின.

ஒரு மதியம் என் ஆய்வகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கேள்வி பெருசா இருக்குடி! பழைய மிஷின் ஒரே மூச்சுல கேட்டு முடிச்சுருது. புதுசு ரெண்டு துண்டா அனுப்புது. மொத்தம் எம்புட்டு நீளம்னு முதல் துண்டோட தலைப்புலேயே எழுதித்தான் அனுப்புது. நம்ம சர்வர் அதைப் பாக்காம, வந்த வரைக்கும்தான் கேள்வின்னு நெனச்சு, தப்பான கேள்வின்னு தூக்கிப் போட்டுருது. பாதியிலயே வாயை அடைக்குது, நம்ம தாளாளர் மாதிரி!"

காரணம் தெரிந்ததும் மளமளவென்று எழுதினாள். துண்டுகள் முழுதாக வந்து சேரும்வரை சர்வர் காத்திருக்க வேண்டும். சேர்த்த பிறகே குழாயின் மறுபுறம் கொடுக்க வேண்டும். பதில் பெரிதாக இருந்து, கேட்ட கணினி அதில் கொஞ்சத்தை மட்டும் படித்தால், மிச்சத்தை எறியாமல் அடுத்த வாசிப்புக்கு வைத்திருக்க வேண்டும். இந்த முறை வகுப்பு நேரத்தில் அதைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் போனோம். ஜெயபாண்டி புதுக் கணினிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, பிரிண்டை அழுத்தினார்.

முதல் தாள் வெளியே வந்தது. ஸ்வர்ணா அதைத் தொடவே இல்லை. "அடுத்ததுண்ணே" என்றாள். எல்லாக் கணினியிலும் வந்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

பிராக்டிகல் தேர்வு நாளில் தாளாளரே வெளித் தேர்வாளர்களோடு வந்து நின்றார். மாணவர்கள் வரிசையாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். அவர் ஒரு தாளை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் மச்சினரின் ஏஜென்சியிலிருந்து பெரிய அட்டைப் பெட்டி வந்து இறங்கியது. ஆர்டர் முன்பே கொடுத்தாகிவிட்டதாம்.

"பழசை நிறுத்திட்டு இதை மாட்டு" என்றார் தாளாளர்.

"ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்கு சார் நிறுத்தணும்? காரணம் சொல்லுங்க, நிறுத்துறேன்."

"நான் சொல்றதுதான் காரணம்."

"அப்ப வேற ஆளைப் பாருங்க சார். என் கையால நடக்காது."

சர்வரின் கடவுச்சொல்லைக் கிரிதரனிடம் முறையாக ஒப்படைத்தாள். அவளை அட்மிஷன் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். கவர்களில் முகவரி ஒட்டுகிற வேலை. அவளாகவே ராஜினாமா செய்வாள் என்று எதிர்பார்த்தார்கள். "அவங்களுக்கு அந்தச் சுகத்தைக் குடுக்க மாட்டேன்" என்று தினமும் சரியான நேரத்துக்கு வந்து, பளிச்சென்று முகவரி ஒட்டினாள். பேருந்தில் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருநாள் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தும் நான் பார்க்காததுபோல் இருந்தேன். அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

அந்த நாட்களில், வீட்டுப் பக்கத்து பிரௌசிங் சென்டரிலிருந்து தன் திருத்தத்தை அந்த மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். ஏற்க முடியாது என்று பதில் வந்தது. தலைப்பில் பொய்யாக ஒரு பெரிய நீளத்தை எழுதிவிட்டு, ஒருவன் துண்டு மேல் துண்டாக அனுப்பிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? உங்கள் நிரல் நினைவகம் தீரும்வரை சேர்த்துக்கொண்டே போகும், சர்வர் விழுந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். அவள் கொதித்தாள். முகம் தெரியாத அந்த ஆளை இரண்டு மொழியிலும் திட்டினாள். மறுநாள் காலை பேருந்தில் ஏறியதும், "அந்தாளு சொன்னது சரிதான்" என்றாள். "ஒரு எல்லை வைக்கணும். அதைத் தாண்டினா குழாயை மூடிரணும்." திருத்தி மறுபடி அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பதிப்பில், பங்களித்தவர்களின் பெயர்களுக்கு நடுவே அவள் பெயரும் வந்தது.

பெங்களூரிலிருந்து வந்த ஒரு பழைய மாணவன் இதைத் தாளாளரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டான். உடனே அவளுக்கு அழைப்பு வந்தது. அன்று நானும் கூடப் போனேன்.

"ஏம்மா, எங்ககிட்ட சொல்லவே இல்லையே!" தாளாளர் எழுந்து நின்று வரவேற்றார். "காலேஜ் டேயில சால்வை போத்துறோம். புராஸ்பெக்டஸ்ல உன் போட்டோ போடுறோம். நம்ம லேப்ல கண்டுபிடிச்சதுன்னு நாலு பேருக்குத் தெரியணும்ல?"

"எந்த லேப் சார்?"

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த சர்வரை நீங்க பிடுங்கிப் போட்டுட்டீங்க. என்னைக் கவர் ஒட்ட உக்கார வச்சீங்க. அனுப்பினது தெப்பக்குளத்துப் பக்கம் பிரௌசிங் சென்டர்ல இருந்து. போட்டோ போடணும்னா அந்தக் கடைக்காரர் போட்டுக்கட்டும். அந்த சர்வரை மறுபடி லேப்ல ஓட விடுங்க, நிர்வாகக் குழுவுல 'இது நல்லாத்தான் ஓடுச்சு'ன்னு சொல்லுங்க. நானே சால்வை வாங்கிட்டு வாரேன்."

அவர் சொல்லவில்லை. காலேஜ் டேயில் சால்வையும் இல்லை. அந்தக் கல்வியாண்டு முடிந்தபோது, யாரும் கேட்காமலே, தனக்குத் தோன்றிய நாளில் அவள் ராஜினாமா செய்தாள்.

பிறகு ஊருக்குள் சின்னச் சின்ன அலுவலகங்களுக்கு சர்வர் அமைத்துத் தரும் தொழிலைத் தொடங்கினாள். ஓய்வு பெற்ற ஜெயபாண்டி கம்பி இழுக்கச் சேர்ந்துகொண்டார். போன வருடம் பரவை மார்க்கெட்டில் வியாபாரிகள் சங்க அலுவலகத்துக்கு அவளோடு போயிருந்தேன். வெளியே வெங்காய மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சங்கச் செயலாளர், தன் மருமகன் வேறு ஏதோ மென்பொருள் வாங்கச் சொல்வதாக இழுத்தார்.

"அவரை இங்க வரச் சொல்லுங்கண்ணே" என்று ஸ்வர்ணா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்ன குறைன்னு என்கிட்டயே சொல்லட்டும். நியாயமா இருந்தா மாத்திட்டுப் போறேன்."

செயலாளர் கைபேசியை எடுத்து மருமகனை அழைத்தார்.