அக்கா இறக்கிய பதாகை

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய பிறப்பு, படிப்பு, பணி, ஓய்வு ஆகியவற்றின் தேதிகளைச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பின்னட்டையில் தனியே அச்சிட்டிருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரைக்குக் கிழமைகள் போதும். ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். அக்கா ஆடிப்பெருக்கு அன்று பிறந்ததாகவே நம் வீட்டில் சொல்லி வந்தோம். பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்ததில் அது பெருக்குக்கு மறுநாள். அக்காவிடம் சொன்னபோது, “ஒரு நாள் தள்ளிப் பொறந்ததுக்கு இப்ப என்னடா பண்ணச் சொல்ற?” என்று கேட்டார்.

விக்கிரமங்கலத்தை அடுத்த நம் சொந்த ஊரில், பருத்தியும் எள்ளும் விளைந்த மேட்டு நிலக் குடும்பத்தில் அக்கா மூத்தவர். மழை பொய்த்த ஆண்டுகளில் அம்மா கூலி வேலைக்குப் போனார். அக்கா எங்களுக்குச் சோறு வடித்துவிட்டுப் பள்ளிக்குப் போனார். கல்லூரியில் கேட்ட பாடம் கிடைக்காததால்தான் நிலவியலில் சேர்ந்தார். அதை அவர் மறைத்ததே இல்லை. அந்த வகுப்பில் அவர் ஒருவரே பெண். முதல் களப்பயணத்தில் ஆசிரியர், “நீ பஸ்லயே உக்காந்துக்கம்மா, வெயிலு” என்றாராம். அக்கா இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஏறவே இல்லை என்று அத்தான் கேலி செய்வார்.

பெரம்பலூரில் விரிவுரையாளராகச் சேர்ந்த பின், தம் மாணவர்களை விடுமுறை நாட்களில் அரியலூர் பக்கத்து ஓடைகளுக்கும் கைவிடப்பட்ட குழிகளுக்கும் அழைத்துப் போவார். நம் மாவட்டம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது என்பதை நீங்கள் எல்லோரும் அக்கா வாயால் ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். கடாக்கொம்பு போலச் சுருண்ட சிப்பிகள் அங்கே மண்ணிலிருந்து வெளிவரும். எடுக்கும் ஒவ்வொரு கல்லோடும் ஒரு துண்டுச் சீட்டு கட்ட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். எந்த இடம், எந்த அடுக்கு, யார் எடுத்தது. “எடுத்தவங்க பேரு இல்லாட்டி அது வெறுங்கல்லு” என்பார். எடுத்தவர் என்ற இடத்தில் அக்கா ஒருபோதும் தம் பெயரை எழுதிக்கொண்டதில்லை.

அவரிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். காலனிகளிலிருந்தும் பச்சைமலையிலிருந்தும் வந்தார்கள். இஸ்லாமியக் குடும்பப் பெண்கள் வந்தார்கள். இப்படிப்பட்ட மாணவர்களை அறிவியல் ஆராய்ச்சிக்குக் கொண்டுவரும் வழிகாட்டிகளுக்கென்று சென்னையில் ஓர் அறக்கட்டளை விருது வழங்குகிறது. ஒரு மாசி மாதம், வெள்ளிக்கிழமை, அந்த விருது அக்காவுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த ஐந்து நாட்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதை எழுதலாமா என்று பெரியப்பா மகன் ராசு அண்ணனிடம் கேட்டேன். “எழுதுடா. வெச்சது நான்தான? வேற யாரு பேரையாவது போட்டுடாத” என்றார்.

அண்ணன் வைத்தது ஒரு ஃபிளெக்ஸ் பதாகை. ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லூரிக்கு எதிரே இருக்கும் தம் உரக்கடைக்குப் பக்கத்தில், சவுக்குக் கம்பு நட்டுக் கட்டியிருந்தார். அண்ணன் அப்போது நம் சாதிச் சங்கத்தில் பொறுப்பில் இருந்தார். ஒரு பாதி முழுக்கச் சங்கத் தலைவர்கள் கைகூப்பி நின்றார்கள். மறு பாதியில் அக்கா, யாரோ கல்யாண வீட்டில் எடுத்த படம். பெயருக்குப் பின்னால் அக்கா எந்நாளும் போட்டுக்கொள்ளாத சாதிப் பட்டம், பெயரைவிடப் பெரிய எழுத்தில். மேலே ‘நம் குலத்தின் பெருமை’. புதன்கிழமை தலைவர் நேரில் வந்து பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. அண்ணன் அதைப் பாசத்தோடுதான் செய்தார். அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு வழக்கமாக வரும் பிள்ளைகளில் பர்வீன் என்ற மாணவி மட்டுமே வந்தாள்.

“மத்தவங்க எங்கம்மா?”

“கேட் வரைக்கும் வந்தாங்க மிஸ். உங்க போர்டைப் பாத்துட்டுத் திரும்பிட்டாங்க. மகேஸ்வரி இனிமே வரமாட்டா போலிருக்கு மிஸ். அவங்கப்பா போனையும் வாங்கி வெச்சுக்கிட்டாராம்.”

மகேஸ்வரியின் ஊர் ரெட்டிபாளையத்துக்குப் பக்கம். தந்தை முருகேசன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி. அந்த வாரம் வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் அவளுக்கு நேர்காணல் இருந்தது. தேறினால் ஆராய்ச்சிப் படிப்பும் உதவித்தொகையும் கிடைக்கும். அக்காவும் அவளும் புதன்கிழமை அரியலூரில் ரயில் ஏறிச் சென்னை வழியாகப் போவதாக ஏற்பாடு. அந்த ரயிலை விட்டால் நேர்காணல் இல்லை. அடுத்த ஆண்டு வரை அவளை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

அன்று மாலை அக்கா முதலில் சென்னை அறக்கட்டளைக்குத்தான் பேசினார். விருது மேடையில் மாணவி ஒருவர் தம் குடும்பக் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். மகேஸ்வரி பெயர் போயிருந்தது.

“அவ பேசமாட்டா. கல்லைப் பத்திப் பேசச் சொன்னா பேசுவா.”

நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள்.

“அப்ப என் பேரையும் அதுலேருந்து எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார். கூடிப் பேசிச் சொல்கிறோம் என்று அவர்கள் சொன்னது பாதியில் அறுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை உரக்கடைக்கு அக்காவை நான் காரில் அழைத்துப் போனேன். கடை வாசலில் சங்கத்துப் பையன்கள் மூவர் நின்றார்கள். அண்ணன் நாற்காலி எடுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை.

“அண்ணே, அதை எறக்கணும்.”

“நாளைக்குத் தலைவர் வராரும்மா. பொறந்த ஊருக்கே பெருமை. அதப் போய் எறக்கச் சொல்ற. நான் எங்க போயி மொகத்தை வெச்சுக்கறது?”

“என் பிள்ளைங்க உள்ள வரமாட்டேங்குதுங்க.”

“யாரும்மா உன் பிள்ளைங்க? நாங்க யாரு?”

அக்கா நேரே கடைக்குள் போய் மூட்டை பிரிக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். பையன்களில் ஒருவன் பதாகைக்கு முன்னால் வந்து நின்றான். “அக்கா, தலைவர் படம் இருக்கு. கை வெச்சீங்கன்னா பிரச்சினையாயிடும். சொல்லிட்டேன்.”

“என் படமும் இருக்குல்ல தம்பி. என்னை நான் எறக்கிக்கறேன். மிச்சத்த நீங்க வெச்சுக்கங்க.”

ஒரே துணியில் எதை இறக்குவது, எதை வைப்பது? எதிரே பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். யாரோ கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். அக்கா கடையிலிருந்த ஏணியைச் சாத்தி ஏறத் தொடங்கினார். அவருக்கு அப்போதே முழங்கால் தேய்மானம். மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டும். மூன்றாவது படியில் ஏணி ஆடியது. அந்தப் பையன் நகரவில்லை. அண்ணன் முகம் எனக்குத் தெரியவில்லை, அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏணி இன்னொரு முறை ஆடியது.

“ஏணியப் புடிங்கடா” என்றார் அண்ணன். “அவ விழுந்துடப் போறா.”

யாரும் அசையாததைக் கண்டு அவரே வந்து பிடித்துக்கொண்டார். அக்கா நைலான் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். பதாகை சரிந்து இருவர் மேலும் விழுந்தது. அன்று மாலையே அண்ணன் சங்கப் பொறுப்பை இழந்தார். அடுத்த பொங்கல் வரை அக்காவோடு பேசவில்லை.

சுருட்டிய துணியை வண்டியில் போட்டுக்கொண்டு ரெட்டிபாளையம் பக்கம் போனோம். முருகேசன் வாசலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. மகேஸ்வரி கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

“போர்டை எறக்கியாச்சுங்க” என்றார் அக்கா.

“நான் எறக்கச் சொல்லலையே மேடம்.”

“சொல்லல.”

“நாளைக்கு வேற ஒருத்தன் வெப்பான். அப்பவும் ஏறுவீங்களா?”

“முட்டி வலிக்குது. ஏறுனா ஏறுவேன்.”

அவர் சிரிக்கவில்லை. “மேடையில என் பொண்ணு நின்னு, நாங்க கஞ்சி குடிச்ச கதையச் சொல்லணுமாம். கஞ்சி குடிச்சது நாங்க. கேடயம் உங்களுக்கா?”

“நீங்க கேக்கறது சரிதான்” என்றார் அக்கா. “மேடைக்கு அவ வரலன்னு சொல்லியாச்சு. ஆனா இந்த ரயிலு வேற. அங்க என்னைப் பத்தி யாரும் கேக்கமாட்டாங்க. அவ எடுத்த கல்லைப் பத்தித்தான் கேப்பாங்க.”

“நீங்களும்தான கூடப் போறீங்க. கொண்டுபோயி நிறுத்தி, நான்தான் தூக்கிவுட்டேன்னு சொல்லுவீங்க.”

“நான் போகல. நீங்க போங்க. உங்க பேருல டிக்கெட் எடுக்கறேன்.”

“எனக்கு இந்தி தெரியாது மேடம்.”

“எனக்கும்தான் தெரியாது.”

முருகேசன் வேட்டியைத் தட்டிக்கொண்டு, “பாக்கலாம்” என்றார். கதவு சாத்திக்கொண்டது. அது சரி என்பதா இல்லை என்பதா என்று வண்டியில் வரும்போது அக்கா இருமுறை என்னைக் கேட்டார்.

புதன்கிழமை காலை அரியலூர் ரயில் நிலையத்தில் அக்காவும் நானும் கல் பெட்டியோடு நின்றோம். பழைய வேட்டித் துணியில் ஒவ்வொரு கல்லையும் சுற்றி, சீட்டுகளைச் சரிபார்த்து, பர்வீன் அடுக்கித் தந்திருந்தாள். மகேஸ்வரியும் தந்தையும் வரவில்லை. ரயில் வருவதாக அறிவித்தார்கள். அப்போதும் அவர்கள் வரவில்லை. சிக்னல் விழுந்தது. அக்கா பெட்டியின் மேல் கையை வைத்தபடி நுழைவாயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயில் வந்து நின்றது. அங்கே அது அதிக நேரம் நிற்காது. “அக்கா, நீங்களாவது ஏறிக் கல்லைக் கொண்டுபோங்க, அவங்க பின்னாடி வரட்டும்” என்றேன். “எடுத்தவ இல்லாம கல்லு போயி என்னடா செய்யும்?” என்று சொல்லி, அக்கா ரயிலிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.

அப்போதுதான் நடைமேடையின் கடைசித் தூணுக்குப் பின்னாலிருந்து முருகேசன் வந்தார், பின்னால் பையோடு மகேஸ்வரி. எங்களுக்கு முன்பே வந்து அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

“நீங்க ஏறுறீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.

கல் பெட்டியைத் தூக்கியவர், “என்னங்க இந்தக் கனம் கனக்குது?” என்றார்.

“உங்க பொண்ணு எடுத்ததுதான்” என்றார் அக்கா.

மகேஸ்வரி அக்காவின் கையைப் பிடித்துவிட்டு ஏறினாள். வண்டி நகரும்போது முருகேசன் வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மேடம், அந்த போர்டு துணிய என்ன பண்ணுனீங்க?” என்று கேட்டார்.

“கார்ல கெடக்குது.”

“தூக்கிப் போட்டுடாதீங்க. ஆட்டுக் கொட்டாய் ஒழுகுது.”

மகேஸ்வரி தேறினாள். இன்று அவள் முனைவர். அதே சிப்பிகளை ஆராய்கிறாள். சென்னையிலிருந்தும் பதில் வந்தது: மாணவி பேச வேண்டியதில்லை, விருது உண்டு. அக்கா தனியாகப் போய் வாங்கிக்கொண்டு, மேடையில் அரியலூர்க் கடலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தார். அந்த ஆனியில் முருகேசன் வீட்டுக்குப் போனபோது அவர் எங்களை உள்ளே அழைத்தார். காபி குடித்த பின் கொட்டகையையும் காட்டினார். படம் கீழ்ப்பக்கம் இருக்கும்படி கூரையில் போட்டிருந்ததால், குனிந்து உள்ளே போனால் ஆடுகளுக்கு மேலே அக்காவின் முகம். தலைவர்கள் இல்லை. பட்டமும் இல்லை.

“மத்தவங்க எங்கங்க?” என்று அக்கா கேட்டார்.

“வெறகுக்கு அடியில இருக்காங்க. அளவுக்குச் சரியா வரல, வெட்டிட்டேன்.”

அக்கா அவ்வளவு நேரம் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற பின் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. திருச்சிக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துச் சென்ற அத்தானுக்கும், முறை வைத்து உடன் இருந்த மாணவ மாணவியருக்கும், கடைசி வாரத்தில் வேலைக்கு விடுப்புப் போட்டுத் தங்கிய பர்வீனுக்கும், மழையென்றும் பாராமல் இறுதிச் சடங்குகளுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மருத்துவமனையில் நினைவு தப்புவதற்கு முன் அக்கா கடைசியாகக் கேட்டது, புதிதாக வந்த கற்களுக்குச் சீட்டு எழுதியாயிற்றா என்பதே. எழுதியாயிற்று.

ராசு அண்ணனுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். கண்ணீர் அஞ்சலிப் பதாகையை அவர்தான் அடித்தார். அச்சுக்குப் போகுமுன் அதன் மாதிரியை மகேஸ்வரிக்கு அனுப்பி, “பேரு சரியா இருக்காம்மா, பின்னாடி ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டிருக்கிறார். முதலெழுத்தும் பெயரும் மட்டுமே இருந்தன. அதே உரக்கடைக்குப் பக்கத்தில் அது நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் முருகேசன் அங்கே வந்தார். பழையது கிழிந்துவிட்டதாம், இதைத் தரமுடியுமா என்று கேட்டார். அண்ணன் சரியென்றார். முருகேசன் கையால் முழம் போட்டு அளந்து பார்த்துவிட்டு, “கொட்டாய் இப்பப் பெருசாயிடுச்சுங்க. இன்னும் கொஞ்சம் அகலமா அடிச்சிருக்கலாம்” என்றார்.

“முன்கூட்டிச் சொல்லியிருந்தா அடிச்சிருப்பனே” என்றார் அண்ணன்.

“மேடம் போறத எனக்கு யாருங்க முன்கூட்டிச் சொன்னா?”

பிறகு முருகேசன் ஏறினார். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

— தம்பி