சிஸ்டர் செய்த போணி

சிஸ்டர் இங்ரிட் தன் நாட்டுக்குக் கிளம்பிய வியாழக்கிழமையன்று, முனுசாமி என் கையிலிருந்து மாத்திரை வாங்க மறுத்தார்.

அறுபதுகளின் கடைசி அது. ஒரு கிறிஸ்தவ மிஷன் நடத்திய தொழுநோய் சிகிச்சைப் பிரிவில் நான் களப்பணியாளர். கும்மிடிப்பூண்டிக்கு வெளியே, ரோட்டோரப் புளியமரத்தடியில் வாரம் ஒருமுறை கிளினிக். வேனிலிருந்து மேஜை, பெஞ்சு, மருந்துப் பெட்டி மூன்றையும் இறக்கினால் ஆஸ்பத்திரி தயார். தொழுநோய்க்கு அப்போது கொடுத்த மருந்து டி.டி.எஸ்.; நோயாளி அதன் முதல் மாத்திரையை எங்கள் எதிரிலேயே விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். மிச்சத்தைப் பொட்டலமாகக் கொடுத்தனுப்புவோம்.

நார்வேயிலிருந்து ஓராண்டு ஊழியத்துக்கு வந்திருந்த சிஸ்டர்தான் மாத்திரை கொடுப்பார். தோலைச் சோதிப்பதும் மொழிபெயர்ப்பதும் என் வேலை. சிஸ்டர் கைராசிக்காரர் என்று பேச்சு பரவியது. "குணம் மருந்தில்தான், என் கையில் இல்லை" என்று அவர் சொல்லச் சொன்னதை நானும் வாரந்தோறும் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முனுசாமி பெரியபாளையம் அம்மன் கோயில் வாசலில் வேப்பிலை விற்பவர். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று அவ்வளவு தூரம் பஸ் ஏறி எங்களிடம் வருவார். முதுகில் தேமல் இருந்தது. இடது சுண்டுவிரல் மரத்துப்போயிருந்தது. மருந்தை விட்டால் விரல் மடங்கத் தொடங்கும். மடங்கிய விரலைப் பார்த்துவிட்டு யாரும் அவரிடம் வேப்பிலை வாங்க மாட்டார்கள். அது அவருக்கே நன்றாகத் தெரியும்.

சிஸ்டருக்கு மாலை போட்டோம். அவர் சுருக்கமாக ஜெபம் செய்தார். இனி மாத்திரை கொடுப்பது நீங்கள்தான், இன்றே தொடங்குங்கள் என்று மருந்துப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். வரிசையில் முதல் ஆள் முனுசாமி. கையை நீட்டவில்லை.

"வேணாம் சார். தப்பா நெனைக்காத. அந்தம்மா கை வேற, உன் கை வேற."

"மாத்திரை அதேதானே?"

"அதேதான். உன் கையில வாங்கினா கொணமாவாது. நான் ஊட்டுக்குப் போறேன்."

பின்னால் நின்றவர்களில் சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் போனால் அவர்களும் போவார்கள் என்று எனக்குப் புரிந்தது. செங்கல் சூளையில் வேலை செய்யும் சரோஜாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"யோவ், உன் கடையில டெய்லி அம்மனே எறங்கி வந்தா போணி பண்ணுது? எவனோ ஒருத்தன் பண்றான், உன் பொழப்பும் நடந்துக்கினுதான கீது?"

"எவனோ இல்ல. பூக்காரம்மாதான் பண்ணும். அது கை பட்டா கூடையே காலியாவும்." முனுசாமி கொஞ்சம் யோசித்தார். "சார், சிஸ்டரம்மா உன் கையால மொத மாத்திரைய வாங்கி முழுங்கி போணி பண்ணிட்டுப் போவட்டும். அப்பால நான் வாங்கிக்கிறேன்."

சிஸ்டரிடம் விளக்கினேன். "ஒரு வருஷமாக நான் மறுத்துக்கொண்டிருப்பதே இதைத்தானே?" என்று கேட்டார்.

"ஆமாம் சிஸ்டர். ஆனால் அடுத்த வாரம் நீங்கள் இருக்க மாட்டீர்கள். இவர் வர வேண்டும்."

தேவையில்லாத மருந்தை வாங்க மாட்டேன் என்றார் அவர். போன மாதக் காய்ச்சலுக்குப் பின் தனக்கு வைட்டமின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள், அதைக் கொடுங்கள் என்றார். மாலையைக் கழற்றாமலே முனுசாமிக்கு முன்னால் வந்து நின்று கை நீட்டினார். கொடுத்தேன். விழுங்கிவிட்டு வாயைத் திறந்தார்.

"நல்லா தொற சிஸ்டரம்மா," என்றாள் சரோஜா. "எங்கள எம்மா வெரட்டு வெரட்டின."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. நாக்கையும் நீட்டிக் காட்டினார். வரிசையே சிரித்தது. முனுசாமி மட்டும் சிரிக்காமல், என் முன்னால் வலது கையை நீட்டினார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். வழியனுப்பும் நாளில் மாலையும் பேச்சும் தானாக நடந்துவிடும். போகிறவர் மேல் இருந்த நம்பிக்கை இருக்கிறவரிடம் வந்து சேர்ந்ததா என்பதை மட்டும் அன்றே பார்த்துவிடுங்கள். பின்னால் நான் மாற்றலாகிப் போனபோது, எனக்குப் பின் வந்தவரிடம் நானும் முதல் ஆளாக நின்று கை நீட்டினேன்.

அடுத்த வியாழக்கிழமை இரண்டு பேர் வரவில்லை. அவர்களை சைக்கிளில் தேடிப் போக வேண்டியிருந்தது. முனுசாமி வந்தார். சிஸ்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சீக்கிரம் குடு சார்," என்றார். "ஆடி மாசம். யாவாரம் கெடுது."