ஆவுடைத்தாய்க்கு விட்டுப்போன ஆறு கிலோமீட்டர்

ஆவுடைத்தாய்க்கு முழங்கால் வலி. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருசம் நின்றுகொண்டே வேலை பார்த்ததில் கிடைத்த சீதனம். வலி தீர்ந்தால் திருச்செந்தூருக்கு நடந்தே வருவதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். வலி தீர்ந்தது. "கால் வலி போனதுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல நடக்கணும்னா, பேசாம அந்த வலியவே வச்சிருக்கலாம்ல?" என்று கூட வேலை பார்க்கிற பெண்கள் சிரித்தார்கள்.

தினசரி காலண்டரில் தேதித் தாள் விட்டுப்போகாமல் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு வருசம் மார்ச் பதினேழு இல்லாமல் ஒரு கட்டு வெளியே போய்விட்டது. வாங்கின கடைக்காரர் போன் போட்டு, "எங்க ஊருக்கு மட்டும் அன்னிக்கு விடியாதா?" என்று கேட்டார். அதிலிருந்து எதையும் இரண்டு தடவை பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. வீட்டுப் பூட்டைக்கூட மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள்.

காலண்டர் சீசன் முடிந்து தை பிறந்ததும் நாற்பது பேரோடு பச்சைச் சேலை கட்டிப் புறப்பட்டாள். குழுவுக்குக் குருசாமி அழகுராஜா. பதினேழு வருசமாக நடக்கிறவர். கிளம்பும்போதே சட்டம் போட்டுவிட்டார். "யாரும் வண்டியில ஏறக் கூடாது. ஏறுனா அந்தப் புண்ணியம் வண்டிக்குத்தான் சேரும்."

வண்டி நிஜாமுடையது. அரிசி மூட்டை, தண்ணீர் கேன், பைகள் எல்லாம் அதில்தான் வரும். வருசா வருசம் இந்தக் குழுவோடு வந்ததில் முருகன் பாட்டெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

மேட்டமலை தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. பையிலிருந்து துண்டு எடுக்க ஏறிய ஆவுடைத்தாய், நிழலாக இருக்கிறதே என்று ஒரு நிமிசம் மூட்டையில் சாய்ந்தாள். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்த உடம்பு. நிஜாம் பின்பக்கம் பார்க்காமல் கதவைச் சாத்தி வண்டியை எடுத்தான். சாத்தூர் மண்டபத்தில் மூட்டைகளை இறக்கப் போனபோது, அதில் ஒன்று கொட்டாவி விட்டது.

"அக்கா! நீங்க எப்ப ஏறுனீக?"

"ஏலே நிஜாமு, இது எந்த ஊருலே?"

"சாத்தூரு."

ஆவுடைத்தாய் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆறு கிலோமீட்டர் போச்சு.

நிஜாம் பதறினான். "அழாதீக அக்கா. வண்டியில வந்தத வண்டியிலயே திருப்பிக் கொண்டுபோய் விட்டுருதேன். கூட்டிக் கழிச்சா சரியாப் போகும்."

யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. "ஏறுனதே தப்பு. அதச் சரிபண்ண இன்னொருக்க ஏறச் சொல்லுதியா?"

இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

ரோட்டில் ஊர்ப்பட்ட கூட்டம் எதிரே வந்தது. "அம்மா, திருச்செந்தூர் அங்கிட்டு!" என்று ஆளாளுக்கு வழி சொன்னார்கள். முதல் மூன்று பேருக்கு முழுக் கதையையும் சொன்னாள். நாலாவது ஆளுக்குப் பாதி. அப்புறம் வாய் வலித்துப்போய், "மேட்டமலை" என்று கையை மட்டும் காட்டினாள். ராஜபாளையம் கூட்டத்து அம்மா ஒருத்தி, மைக் செட் சத்தத்துக்கு நடுவே என்னமோ கேட்டாள். காதில் விழவில்லை. சும்மா தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

பாதி வழியில் அவளுடைய குழுவே எதிரே வந்தது. முன்னால் வேல் பிடித்து வந்த அழகுராஜா அப்படியே நின்றுவிட்டார்.

"ஆவுடைத்தாயி, நீ பின்னாலல்ல வந்துக்கிட்டிருந்த?"

நடந்ததைச் சொன்னாள்.

"தெரியாம நடந்ததுதான? முருகன் கோவிச்சுக்கிட மாட்டாரு. எங்ககூட வா."

"அவரு மாட்டாரு சாமி. எனக்குல்ல தூக்கம் வராது."

"சரி, அது யாரு உன் பின்னால?"

திரும்பிப் பார்த்தாள். பச்சைச் சேலையும் பச்சை வேட்டியுமாகப் பதினோரு பேர் வேர்க்க விறுவிறுக்க நின்றார்கள்.

"மேட்டமலையில அன்னதானமான்னு கேட்டதுக்கு ஆமான்னு தலைய ஆட்டுனீகளே!" என்றாள் ராஜபாளையத்து அம்மா.

ஆவுடைத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். வேறென்ன செய்வது? "எங்க குருசாமிகூடப் போங்க. சாத்தூர்ல சாப்பாடு இருக்கு" என்று அழகுராஜா தலையில் கட்டிவிட்டு நடையைக் கட்டினாள்.

வேப்பமரத்துக்குப் போய் அதைக் கையால் தொட்டாள். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

சாத்தூர் வந்து சேர மணி இரண்டரை. பதினோரு வயிறு கூடியதில் சாம்பார், பொரியல் எல்லாம் காலி. அடிப்பானைச் சோறும் ரசமும்தான் மிச்சம். நிஜாம் மட்டும் இரண்டு அப்பளத்தை ஒளித்து வைத்திருந்தான். அவள் சாப்பிடுவதைப் பார்த்து அவனுக்கு மனசு பொங்கிவிட்டது.

"அக்கா மாதிரி ஒரு ஆள நான் பாத்ததில்ல. போன வருசம் நம்ம குருசாமியே எட்டயபுரத்துல ஏறிக் குறுக்குச்சாலையிலதான இறங்குனாக!"

மண்டபமே குருசாமி பக்கம் திரும்பியது. கடைசிப் பந்தியில் இருந்த அழகுராஜாவுக்கு ரசம் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்" என்றார். முதலில் சிரித்தது ராஜபாளையத்து அம்மாதான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

ஆவுடைத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. குருசாமிக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றி, "மெதுவாக் குடிங்க சாமி. எட்டயபுரத்துலருந்து குறுக்குச்சாலை வரைக்கும் நானும் உங்களுக்குத் துணையா மெதுவாவே நடக்கேன்" என்றாள்.

சொன்னபடியே நடந்தாள். அழகுராஜா அந்தத் தூரம் முழுக்க வண்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.